இருபத்திரண்டு டிகிரி நடுநிலை

நான் போன முதல் அமர்வில் இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்த இடங்களும் பின்வருமாறு. மேடையின் நடுவில், முதுகு உயர்ந்த நாற்காலியில், ஆணையத்தின் தலைவர். அவருக்கு வலப்பக்கம் மனநல நிபுணர் அம்மையார். இடப்பக்கம் புள்ளிவிவர நிபுணர். மேடை ஓரத்தில், மேசைக்கு வெளியே ஒரு காலை நீட்டியபடி, செயலாளர். மேடைக்குக் கீழே, சுவரைப் பார்த்தபடி, தட்டச்சு செய்யும் அம்மாள். முன் மூன்று வரிசைகளில் பொதுமக்கள் முப்பத்தாறு பேர், எல்லோரும் ஒரே மாதிரி வெள்ளைத் தொப்பியில். கடைசி வரிசை தனியாக வருகிறவர்களுக்கு. அதில் பன்னிரண்டு நாற்காலிகள் இருந்தன. நான் நான்காவதில் உட்கார்ந்தேன். குளிர்காற்று நேராக உச்சந்தலையில் இறங்கியதால் சற்று நேரம் கழித்து ஏழாவதுக்கு மாறினேன். கேட்பார் இல்லை.

இடம், எரிபொருள் வணிகர் கூட்டமைப்புக் கட்டடத்தின் ஆறாவது மாடி அரங்கம். ஆணையத்துக்குச் சொந்தக் கட்டடம் இல்லாததால் கூட்டமைப்பு பெருந்தன்மையோடு அரங்கத்தை விட்டுக்கொடுத்திருந்தது. தண்ணீர் பாட்டில், பேனா, குறிப்பேடு, பொதுமக்களின் தொப்பி என எல்லாவற்றிலும் சிரிக்கும் தீச்சுடர் ஒன்று அச்சிடப்பட்டிருந்தது. கழிவறைக் கண்ணாடியிலும் அது இருந்ததால், முகம் கழுவி நிமிர்ந்தபோது என் நெற்றியில் தீச்சுடர் சிரித்தது.

ஆணையத்தின் முழுப்பெயர், 'பருவநிலை குறித்த பொதுக்கருத்தின் மறைமுகத் தூண்டுதல்களைக் கண்டறியும் ஆணையம்'. வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் மக்கள் நினைப்பதை மக்களேதான் நினைக்கிறார்களா, அல்லது வேறு யாராவது உள்ளே புகுந்து நினைக்கிறார்களா என்று கண்டுபிடிப்பது அதன் வேலை. யாரும் தூண்டாமல் தானாக வந்த கருத்துக்கு 'இயல்புக் கருத்து' என்று முத்திரை. அதில் கோரிக்கை ஏதும் இருந்தால் நகராட்சிக்குப் போகும். மற்றதெல்லாம் 'தூண்டப்பட்ட கருத்து'. அது அடித்தளத்தில் ஓர் அறைக்குப் போகும். அந்த அறையின் சாவி தொலைந்துவிட்டதால் கதவுக்கு அடியில் தள்ளிவிடுவார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

நான் ஆணையத்துக்கு அனுப்பிய கடிதம் ஒரு பக்கம்தான். நான் குளிர்பதனக் கிடங்கில் முப்பத்தொரு வருடம் வெப்பநிலை குறிக்கும் வேலை பார்த்தவன். ஒவ்வொரு மணிக்கும் அளவுமானியைப் பார்த்து நோட்டில் எழுதி, பக்கத்தில் உள்ள குறிப்புக் கட்டத்தில் ஏதாவது இருந்தால் எழுத வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. தகரக் கூரை போட்ட என் நான்காம் மாடி அறையின் வெப்பநிலையை ஒவ்வொரு மணிக்கும் எழுதிவருகிறேன். கடிதத்தில் அந்த எண்களைக் கொடுத்து, என் மனைவி எந்த நாளில், எத்தனை டிகிரியில் இறந்தாள் என்பதையும் எழுதி, கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டிருந்தேன். எங்கள் தெருக்கோடியில் நகராட்சிக் கூடம் ஒன்று இருக்கிறது. கனத்த சுவர், உயரமான கூரை, உள்ளே எப்போதும் குளுமை. வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிறது. கோடை முடியும்வரை பகல் பன்னிரண்டிலிருந்து நான்கு மணிவரை அதைத் திறந்துவிட்டால், தகரக் கூரைக்காரர்கள் போய் உட்காரலாம். அவ்வளவுதான்.

அதை அவசரமாகக் கேட்டதற்குக் காரணம் என் பக்கத்து அறைத் தையல்காரம்மா. ஆறாம் மாதம். கணவர் கப்பலில் இருக்கிறார், பிரசவத்துக்கு அப்புறம்தான் வர முடியும். மார்ச் மாதத்திலேயே ஒருநாள் மதியம் தைத்துக்கொண்டிருக்கும்போது மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். நான்தான் தண்ணீர் தெளித்தேன். "மதியத்துல அந்த ரூம்ல இருக்கவே கூடாது" என்றார் டாக்டர். எங்கே இருக்க வேண்டும் என்று அவர் சீட்டில் எழுதவில்லை. கூடத்துக் காவலாளியிடம் கேட்டேன். "மேல இருந்து பேப்பர் வரட்டும் சார், இப்பவே தொறக்கறேன்" என்றான். நல்லவன்தான்.

அமர்வு தொடங்குமுன் படிவம் ஒன்று கொடுத்தார்கள். அதில் ஐந்தாவது கேள்வி, 'இக்கருத்தை உங்களுக்கு அளித்தவர் பெயர்'. நான் 'யாரும் இல்லை' என்று எழுதினேன். செயலாளர் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஐயா, இப்படியெல்லாம் எழுதக் கூடாது. யாராவது குடுத்திருப்பாங்கல்ல?"

"நானே யோசிச்சேங்க."

"தனியாவா?" என்று கேட்டுவிட்டு, என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார்.

தண்ணீர் குடிக்கப் போனபோது தொப்பிக்காரப் பெண்மணி ஒருவர் எனக்கும் ஒரு குவளை பிடித்துக் கொடுத்தார். கடந்த சில வாரங்களில் என்னிடம் தானாகப் பேசிய இரண்டாவது மனிதர் அவர்.

"நீங்க எந்த வேன்ல வந்தீங்கண்ணே?"

"பஸ்லம்மா."

"பஸ்லயா! சாப்பாடு சொல்லியிருக்காங்களா?"

"இல்ல. நானா வந்தேன்."

"நீங்களாவா?" அவர் வாயில் கை வைத்துக்கொண்டார். "அட பாவமே. உங்க ஏஜென்ட் நல்லா ஏமாத்திட்டான். எங்காளு அப்படியில்ல. போன வாரம் ஒரு பாலத்துக்கு ஆதரவா உக்காந்தோம், பிரியாணிப் பொட்டலம். இந்த வாரம் வெயில்."

"வெயிலுக்கு ஆதரவாவா, எதிராவா?"

"அது தெரியலண்ணே. அவர் கையத் தூக்கினா கை தட்டணும்." செயலாளரைக் காட்டினார்.

தலைவர் அமர்வைத் தொடங்கிவைத்தார். இதுவரை நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் வந்திருப்பதாகச் சொல்லி, அதில் ஒன்றை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார்.

"'ஐயா, நான் ஒரு எளிய, தொழிலை இங்கே எழுதவும். என் சொந்த ஊரான, ஊரை இங்கே எழுதவும், அங்கே வெயில் என் தாத்தா காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. சிலர் பீதி கிளப்புகிறார்கள்.'" கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "நாலாயிரம் உள்ளங்கள். ஒரே சொல். ஒரே கால்புள்ளி. ஒரே எழுத்துப்பிழை. மண்ணிலிருந்து தானாக முளைத்து வரும் கருத்து எப்படி இருக்கும் என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். இப்படித்தான் இருக்கும்."

செயலாளர் கையைத் தூக்கினார். முப்பத்தாறு பேர் தட்டினார்கள்.

"தொழில்வாரியாப் பிரிச்சாச்சு தலைவரே" என்றார் புள்ளிவிவர நிபுணர். "விவசாயிகள் நாப்பது. ஆசிரியர்கள் பதினெட்டு. 'தொழிலை இங்கே எழுதவும்' நாலாயிரத்து அம்பது சொச்சம். பருவநிலை விஷயத்துல ரொம்பத் தெளிவா இருக்கறது அந்தத் தொழில்காரங்கதான்."

"மாறுபட்ட கடிதம் எத்தனை?"

"ஒண்ணே ஒண்ணு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஏழாவது நாற்காலியில் எழுந்து நின்றேன்.

என்னை விசாரித்தவர் மனநல நிபுணர். மென்மையான குரல். குழந்தையிடம் ஊசியை மறைத்துக்கொண்டு பேசுகிறவரைப் போலப் பேசினார்.

"சின்ன வயசுல வெயில்ல ஏதாவது கெட்ட அனுபவம் உண்டா?"

"எல்லாரையும் போலத்தாம்மா. செருப்பில்லாம பள்ளிக்கூடம் போயிருக்கேன்."

"உங்க ரூம்ல இருக்கற தெர்மாமீட்டர் யார் வாங்கிக் குடுத்தது?"

"ஓய்வு பெறும்போது கிடங்குல குடுத்தாங்க."

"ஆக, பின்னணியில ஒரு நிறுவனம் இருக்கு." தட்டச்சு அம்மாள் அதைப் பதிந்தார். "அந்த நிறுவனம் எதை விக்குது?"

"குளிர்ச்சியத்தாம்மா."

நிபுணர் மேடைப் பக்கம் திரும்பினார். "குளிர்ச்சி விக்கறவங்களுக்கு வெயில் கூடினா லாபம். நான் ஒண்ணும் சொல்லல. கோடு மட்டும் போட்டுக் காட்டறேன்."

தலைவர் வருத்தத்தோடு தலையை ஆட்டி, தீச்சுடர் போட்ட பாட்டிலிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"வீட்டுல யார் யார் இருக்கீங்க?"

"நான் மட்டும்தான்."

"பேச்சுத் துணை?"

"பக்கத்து அறைத் தையல்காரம்மா. முன்னால என் மனைவி. போன கோடைக்கு முந்தின கோடையில போயிட்டாங்க. அன்னிக்கு நாப்பத்தஞ்சு."

"நாப்பத்தஞ்சு வயசுலயா?"

"இல்லம்மா, அது ரூம். அவளுக்கு அம்பத்தெட்டு."

அம்மையார் "துக்கத்துக்கும் கருத்துக்கும் தொடர்பு இருக்கலாம்" என்று எழுதிக்கொண்டார். கள ஆய்வு தேவை என்று முடிவானது. ஏப்ரல் மாதம், பிற்பகல் இரண்டு மணி. "சாப்பாட்டுக்கு மேல எனக்கு வேற வேலை கிடையாது" என்றார் தலைவர்.

சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். அதைக் குறையாகச் சொல்ல முடியாது. நான்கு மாடி ஏறி என் அறைக்குள் நுழைந்ததும் இடங்கள் இப்படி அமைந்தன: தலைவர் கட்டிலில், புள்ளிவிவர நிபுணர் ஒரே நாற்காலியில், மனநல நிபுணர் என் மனைவியின் தகரப்பெட்டி மேல். செயலாளர் வாசற்படியைத் தாண்டவே இல்லை. அனுபவசாலி. தட்டச்சு அம்மாள் மடியில் மிஷினை வைத்துக்கொண்டு தரையில். அந்த அறையில் ஒரே நேரத்தில் ஐந்து பேர் இருந்தது அவள் சாவுக்கு அப்புறம் அன்றுதான். யாருக்கு எதில் தண்ணீர் கொடுப்பது என்று குழம்பி, தையல்காரம்மாவிடம் இரவல் டம்ளர் வாங்கினேன்.

மானியில் நாற்பத்து நான்கு காட்டியது. இரண்டாம் நிமிடம் புள்ளிவிவர நிபுணர் டையைத் தளர்த்தினார். ஐந்தாம் நிமிடம் கழற்றினார். மனநல நிபுணர் என் நோட்டுகளைப் புரட்டி, அதிலேயே ஒன்றை எடுத்து விசிறிக்கொண்டு, இன்னொன்றில் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இங்க ஒரு மணி நேரம் விட்டுப்போயிருக்கே. ரெண்டு மணிக்கு எழுதியிருக்கீங்க, நாலு மணிக்கு எழுதியிருக்கீங்க. மூணு மணி காலி."

"ஆமாம்மா. அது அன்னிக்கு."

"என்னிக்கு?"

"அவ போன அன்னிக்கு. ரெண்டு மணிக்கு எழுதிட்டு உக்காந்தேன். ஜன்னலச் சாத்தச் சொன்னா, சாத்தினேன். மூணு மணிக்கு எழுத முடியல."

"அப்ப பதிவு முழுமையானது இல்ல" என்றார் அவர், வியர்வையை ஒற்றியபடி.

எட்டாம் நிமிடம் தலைவர் கட்டிலிலிருந்து எழுந்தார். "யோவ், என்னய்யா இது, அடுப்பா? இதுக்குள்ள மனுஷன் இருப்பானா? வெந்துபோயிட மாட்டான்?" தட்டச்சு அம்மாள் அதையும் அடித்தார். பன்னிரண்டாம் நிமிடம் மூவரும் மாடிப்படியில் இருந்தார்கள். கீழே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் ஐந்து டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தேன். தையல்காரம்மா சுவரைப் பிடித்தபடி வந்து நின்றாள்.

"அவங்களே அடுப்புன்னு சொல்லிட்டாங்களே ஐயா! காதால கேட்டேன். இனிமே தொறக்காம என்ன?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. அன்று சாயங்காலம் பூட்டிய கூடத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து, எந்த ஜன்னல் ஓரம் அவளுக்குத் தோதாக இருக்கும் என்றுகூடப் பார்த்துவைத்தேன்.

இறுதி அமர்வு ஒரு வாரம் கழித்து நடந்தது. நான் கடைசி வரிசையில். அறிக்கையைத் தலைவரே வாசித்தார்.

"இந்த ஆணையம் தேடியலைந்த மறைமுகத் தூண்டுதலை நேருக்கு நேர் சந்தித்துவிட்டது. ஒரு குறிப்பிட்ட அறைக்குள் நுழையும்போது எங்களில் எவருக்கும் வெப்பம் அதிகம் என்ற கருத்து இல்லை. பன்னிரண்டே நிமிடங்களில் மூவருக்கும் அந்தக் கருத்து வந்துவிட்டது. யாரும் வாதாடவில்லை. யாரும் ஆதாரம் காட்டவில்லை. அந்த அறை எங்களைத் தூண்டிவிட்டது. நன்கு படித்த எங்களுக்கே இந்தக் கதி என்றால், அங்கேயே வசிக்கும் ஒரு பாமரரின் கருத்து அவருடையதாக எப்படி இருக்கும்?"

கைதட்டல்.

"வெப்பம் ஒருதலைப்பட்சமானது. தகரக் கூரைக்காரரிடம் ஒரு பேச்சு, என்னிடம் ஒரு பேச்சு. ஆகவே பருவநிலை பற்றிய கருத்துகள் இனி இருபத்திரண்டு டிகிரியில் மட்டுமே உருவாக வேண்டும் என்று பரிந்துரைக்கிறோம். அதுவே நடுநிலை வெப்பம். இந்த அரங்கில் மூன்று ஆண்டுகளாக அந்த வெப்பத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஒருநாளும் எங்களுக்கு எந்தக் கவலையும் வந்ததில்லை. இதைத் தந்த கூட்டமைப்புக்கு நன்றி. சிலர் கேட்கிறார்கள், கூட்டமைப்பு உங்களை வற்புறுத்துகிறதா என்று. நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், ஒருமுறைகூட இல்லை. அறிக்கையை அவர்களே எழுதி, திருத்தி, பைண்டு பண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். வற்புறுத்த அவர்களுக்கு நேரம் ஏது?"

செயலாளர் கையைத் தூக்க மறந்துவிட்டார். பிறகு தூக்கினார்.

என் கடிதத்தின் மேல் 'தூண்டப்பட்டது. தூண்டியவர்: அறை' என்று முத்திரை விழுந்தது. லிப்டில் தட்டச்சு அம்மாளும் நானும் மட்டும் இறங்கினோம். மூன்றாவது மாடி தாண்டும்போது அவர் கதவைப் பார்த்துக்கொண்டே, "எங்க வீடும் தகரம்தான் சார்" என்றார். தரைத்தளம் வந்ததும் வேறு பக்கமாகப் போய்விட்டார்.

தையல்காரம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் அவள் கதவைத் தட்டவில்லை. மூன்றாம் நாள் மதியம் மிஷின் சத்தம் நின்றது. நூல் மாற்றுகிறாள் என்று நினைத்துக் காத்திருந்தேன். பிறகும் சத்தம் வராததால் போய்ப் பார்த்தேன். தரையில், ஈரத்துணியை வயிற்றில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது.

"ஒண்ணுமில்லய்யா. உள்ள இருக்கறவருக்கு ஏசி போட்டு விட்டிருக்கேன்" என்று சிரித்தாள். உதடு வெடித்திருந்தது.

மறுநாள் செயலாளர் வந்தார். தனியாக, காலை பத்து மணிக்கு. இந்த முறை உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஐயா, நான் கெட்டவன் இல்ல. எங்கம்மாவும் மாடி வீட்டுலதான் இருந்தாங்க. உங்க விஷயத்துல எனக்கு மனசே கேக்கல." பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இயல்புக் கருத்தா ஒண்ணு குடுத்துருங்க. கோரிக்கை கூடவே போயிடும். நகராட்சிக்கு நான் போன் பண்ணிச் சொல்றேன். மூணு நாள்ல பூட்டு தொறக்கும்."

"வெயில் கூடலைன்னா அப்பறம் கூடம் எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா?"

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல ஐயா."

வாசித்தேன். எனக்குப் பழக்கமான வாசகம்தான். தொழில், ஊர் எல்லாம் எனக்காக நிரப்பியிருந்தார். கூடம் திறக்கும் கோரிக்கை, நேரம் உட்படச் சரியாக இருந்தது. ஆனால் நடுவில் புதிதாக இரண்டு வரி. 'என் மனைவி வயது முதிர்ந்து இயற்கையாகக் காலமானார். அதற்கும் வெயிலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.'

"இது எதுக்குங்க?"

"முதல் லெட்டர் பதிவுல இருக்கே. அதை நேர் பண்ணியாகணும். இல்லன்னா இதுவும் கீழ ரூமுக்குத்தான் போகும்."

"அவளுக்கு அம்பத்தெட்டுங்க."

செயலாளர் கொஞ்சம் யோசித்தார். "வேணும்னா அறுபதுன்னு போட்டுக்கலாம். அதுக்கு மேல நல்லா இருக்காது."

"இந்த ரெண்டு வரியை மட்டும் எடுத்துட்டு..."

"அது என் கையில இல்ல ஐயா. கூட்டமைப்புல படிச்சுப் பாத்து ஓகே பண்ணின வாசகம்." எழுந்துகொண்டார். "நீங்களே தபால்ல போட்டாத்தான் இயல்பு. நான் எடுத்துட்டுப் போனா தூண்டுதல் ஆயிடும்." படியிறங்கும்போது பக்கத்து அறையின் மிஷின் சத்தத்தைக் கேட்டுக் கொஞ்சம் நின்றார். பிறகு போய்விட்டார்.

தாளை மேசையில் வைத்துவிட்டு அதன் எதிரே உட்கார்ந்தேன். பதினோரு மணிக்கு முப்பத்தெட்டு. பன்னிரண்டுக்கு நாற்பது. ஒன்றுக்கு நாற்பத்து மூன்று. முப்பத்தொரு வருடத்தில் கிடங்கில் ஒரு எண்ணைக்கூட நான் மாற்றி எழுதியதில்லை. மீன் கெட்டுப்போனபோது மேலாளர் கெஞ்சியும் மாற்றவில்லை. அதைச் சொல்லித்தான் அவள் என்னைக் கேலி செய்வாள், 'ஒரு டிகிரி கூட்டிச் சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க' என்று. அவளைப் பற்றி எங்காவது ஒரு தாளில் உண்மை இருந்தது என்றால் அது அந்த முதல் கடிதத்தில்தான். இறப்புச் சான்றிதழில்கூட இல்லை. பக்கத்து அறையில் மிஷின் ஓடியது, நின்றது, ஓடியது. நின்றது. எண்ணிக்கொண்டே இருந்தேன். மறுபடி ஓடுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உறைக்குள் போடலாம் என்று பெட்டியைத் திறந்தால், அதில் இருந்த இருபது உறைகளும் இந்தச் சூட்டில் பசை இளகித் தாமாகவே ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைப் பிரிக்கப் பார்த்தேன், கிழிந்தது. இன்னொன்றை எடுத்துக்கொண்டு தையல்காரம்மாவிடம் போனேன். அவள் கத்தரிக்கோலால் ஓரத்தை நறுக்கிக் கொடுத்தாள். தாளை உள்ளே வைத்தேன். இனி ஒட்டுவதற்குப் பசையுள்ள ஓரம் இல்லை.

"கொண்டாங்க, தைச்சே குடுத்துடறேன்" என்று வாங்கி மிஷினில் வைத்தாள். "வெள்ளை நூலா, நீலமா? பித்தான் வேணும்னாலும் வைக்கலாம்."

"வெள்ளையே போதும்மா."

"இதுக்காவது தொறப்பாங்களா?"

"தொறப்பாங்க. மூணு நாள்ல."

"அப்ப நல்லா உறைக்கற மாதிரி எழுதியிருக்கீங்கன்னு சொல்லுங்க. அம்மாவைப் பத்தியும் எழுதியிருக்கீங்கல்ல?"

"எழுதியிருக்கேன்."

"அதான்" என்றாள். ஓரத்தில் ஒரே சீராக ஒரு தையல் ஓட்டி, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்து, உறையை என் கையில் கொடுத்தாள்.

தெருவில் ஆள் இல்லை. தபால் பெட்டியின் இரும்பு மூடியில் கை வைக்க முடியவில்லை, சுட்டது. கைக்குட்டையை நாலாக மடித்து மூடியைத் தூக்கி, தைத்த ஓரம் கீழே இருக்கும்படி கடிதத்தை உள்ளே விட்டேன்.